சாவி வரும்வரை

பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று வீட்டுக்காரர் மகேந்திரன் போனில் சொல்லி அரை மணி நேரம் ஆகியிருந்தது. குணாளனுக்கு அதில் வருத்தமே இல்லை. இன்னும் அரை மணி நேரம் கழித்து வந்தாலும் நல்லதுதான் என்றிருந்தது, ஏனென்றால் அவனுக்கு இந்தத் தெருவைப் பிடித்துப் போயிருந்தது. அயனாவரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, தணிகாசலம் இரண்டாவது தெரு என்ற பெயர்ப் பலகையைத் தாண்டி நாலு எட்டு வைத்ததுமே பிடித்துவிட்டது, அப்படிச் சட்டென்று பிடித்துப் போனதுதான் பயமாகவும் இருந்தது. பிடித்திருக்கிறது என்று மனசு ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் கண்ணில் எந்தக் குறையும் படாது, சாக்கடை மூடி உடைந்திருந்தால்கூட சரி பண்ணாமலா போவார்கள் என்று அதுவே சமாதானம் சொல்லிக்கொள்ளும். அதனால் எப்படியாவது ஒரு குறையைக் கண்டுபிடித்துவிடுவது என்ற தீர்மானத்தோடு, வீட்டுக்கு நேர் எதிரே ஞாயிற்றுக்கிழமை என்பதால் மூடிக் கிடந்த மாவு மில்லின் படியில் உட்கார்ந்துகொண்டான். ஷட்டரின் இடுக்கிலிருந்து மிளகாய்த்தூள் நெடி வந்து இரண்டு தடவை தும்மினான். மே மாத வெயில் எதிர்ச்சாரிக்கு நகர்ந்திருந்தது, படியில் மட்டும் பகல் முழுக்கக் குடித்த சூடு பேண்ட்டைத் தாண்டி ஏறியது. சட்டைப் பையில் நாலு கேள்வி எழுதிய காகிதம் இருந்தது. தண்ணீர் எப்படி, மழைக்குத் தேங்குமா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்றால் ஆட்டோ கிடைக்குமா. நாலும் நல்ல கேள்விகள்தான், எந்த அப்பாவும் கேட்கிற கேள்விகள்தான், ஆனால் அவன் உண்மையில் கேட்க நினைத்தது அந்தக் காகிதத்தில் இல்லை, அதை எப்படி எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

முப்பத்தாறு வயசில் முதல் தடவையாக அவன் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போகிறான். நினைக்க நினைக்க நெஞ்சு குதித்தது, பரீட்சை முடிவு ஒட்டுகிற பலகைக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி. படித்த டிப்ளமோ அப்பா சொன்னது, வேலை காலேஜில் வந்து எடுத்துக்கொண்டு போனது, லிஃப்ட் கம்பெனி, இன்றைக்கு மெக்கானிக், நாளைக்கு சூப்பர்வைசர், கல்யாணம் சித்தப்பா பார்த்தது, சுடர்க்கொடி அமைந்தது அவன் அதிர்ஷ்டம், அதில் அவன் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிற ஃபிளாட்டோ சுடரின் அண்ணன் கருணாகரன் பார்த்து வைத்தது. மச்சான் எதையும் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு மார்க் கொடுத்துத்தான் முடிவு செய்வார், பூங்கா ஐந்து மார்க், ஜெனரேட்டர் ஐந்து மார்க், காவல் பத்து மார்க், அந்தப் பதினெட்டு மாடிக் குடியிருப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வாங்கியிருந்தது. இந்தத் தடவையும் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். காலையிலிருந்து அதில் இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டான் குணாளன். முதலாவது தெற்கே ஏரியை ஒட்டிய ஒரு நகர், வீடெல்லாம் புதுசு, சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடியது, கோட்டின் மேலேயே பெயின்ட் அடித்திருந்தார்கள், ஆனாலும் தெரிந்தது. இரண்டாவது மேற்கே, மரங்கள் இரண்டு பக்கமும் கைகோத்துக்கொண்டிருந்த அழகான அவென்யூ, அந்த நிழலில் நடந்துபோவதே சுகமாகத்தான் இருந்தது, பத்து நிமிடம் நடந்தான், ஒரு ஆள் எதிரே வரவில்லை, ஒரு நாய் மட்டும் கேட்டுக்குப் பின்னாலிருந்து அவன் கூடவே குரைத்துக்கொண்டு வந்து காம்பவுண்டு முடிந்ததும் நின்றுவிட்டது. எவ்வளவு அமைதி பாத்தீங்களா சார் என்றார் புரோக்கர். குணாளனுக்குக் கழுத்தின் பின்புறம் சில்லென்றது. அயனாவரம் மச்சானின் பட்டியலிலேயே கிடையாது. போன மாதம் அடுத்த தெருவில் இருக்கிற கல்யாண மண்டபத்தில் லிஃப்ட் நின்றுபோய், அதைச் சரிசெய்ய வந்தவன் சாப்பாட்டுக்குப் போகிற வழியில் இந்த வீட்டின் மாடிக் கம்பியில் தொங்கிய டு-லெட் அட்டையைப் பார்த்தான். நம்பரை எழுதிக்கொண்டதை சுடரிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு மாதமாகத் திருட்டுத்தனமாக வைத்திருந்த நம்பர்.

பெரம்பூர்ப் பக்கமிருந்து ஒரு ரயில் நீளமாகக் கூவிவிட்டுப் போயிற்று, மகன் ஆதன் இருந்தால் குதித்திருப்பான், இரண்டரை வயசு, ரயிலைக் கண்டால் அவனுக்குப் பைத்தியம். தெரு மொத்தமும் ஏதோ வேலையாக இருந்தது. ஒருவர் ஸ்டூலைப் போட்டு நின்று கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார், பாதியில் பெயின்ட் டப்பாவை அப்படியே விட்டுவிட்டு யாருடைய ஸ்கூட்டரையோ தள்ளிவிடப் போனார், திரும்பி வந்து மறுபடி அடித்தார். ஒரு ஆட்டோவின் பின் சீட்டில் கால் இரண்டையும் வெளியே நீட்டிக்கொண்டு டிரைவர் தூங்கினார். வாடகை வீட்டுக்குப் பக்கத்து வீட்டின் முதல் மாடிப் பால்கனியில் நைட்டி மேலே துண்டு போட்ட ஒரு அம்மாள் பூண்டு உரித்தார், உரித்த தோலை ஊதிவிட்டார், அது தெருவில் கிறங்கிக் கிறங்கி இறங்கியது. ஏழெட்டுப் பிள்ளைகள் செங்கல்லை அடுக்கிவைத்து ரப்பர் பந்தால் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு பைக் வந்தது, பிள்ளைகள் பிரிந்து வழிவிட்டன, பைக்காரன் செங்கல்லை இடிக்காமல் வளைத்துக்கொண்டு போனான். அதை இடிக்காமல் போனானே என்று குணாளன் உடனே கணக்கில் எடுத்துக்கொண்டான், அப்புறம் உனக்கு வேண்டியதை மட்டும் பார்க்கிறாயடா என்று தன்னையே அதட்டினான். குறையைப் பார். குறை இருந்தது. மின்கம்பத்தின் அடியில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. தெருக்கோடியில் குப்பைத் தொட்டி நிரம்பி வழிந்தது. வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி நெருக்கி நின்றன, ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் மூன்று வீட்டில் தும்ம வேண்டியிருக்கும். சண்டை போட்டால்? அவனும் சுடரும் வாரத்துக்கு ஒரு சண்டையாவது போடுவார்கள், பெரும்பாலும் மெல்லிய குரலில்தான், ஆனால் இங்கே மெல்லிய குரலுக்கே வழியில்லை, பால்கனி அம்மாளுக்கு எல்லாம் கேட்டுவிடும், மறுநாள் காலையில் என்னம்மா நேத்து வீட்டுக்காரர் சாப்பிடலையா என்று கேட்பார். சுடர் தனிமையை விரும்புகிறவள். ஆஸ்பத்திரி லேபில் நாளெல்லாம் பிறத்தியார் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டுக்கு வந்தால் யார் முகத்தையும் பார்க்காமல் அரை மணி நேரம் வேண்டும். அந்தத் தொண்ணூற்றொன்று மார்க் குடியிருப்பில் அவளுக்குப் பிடித்ததே அதுதான், பக்கத்து ஃபிளாட்டில் யார் இருக்கிறார்கள் என்று மூன்று வருஷமாகத் தெரியாது, அவர்களுக்கும் இவர்களைத் தெரியாது, எவ்வளவு நிம்மதி என்பாள். பிப்ரவரி மாதம் வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சுடர் ஆதனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, ஐந்து வயசு மகள் நித்திலா கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள். இதைப் பற்றி நினைக்கக் கூடாது என்றுதான் இருந்தான், இன்றைக்கு மட்டுமாவது, சந்தோஷமான ஒரு காரியத்துக்கு வந்திருக்கிற இடத்தில், ஆனால் அந்த நினைப்புக்கு நேரம் காலம் கிடையாது, எந்த வழியாகப் போனாலும் அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். பிள்ளைகள் செங்கல்லை மறுபடி அடுக்கின. லிஃப்ட்டுக்கு எப்படி பட்டன் அழுத்த வேண்டும் என்று நித்திலாவுக்குச் சொல்லிக்கொடுத்தது அவன்தான், ஒரு தடவை அழுத்தினால் போதும், கதவிடுக்கில் கை வைக்கக் கூடாது, சிவப்பு மணி ஆபத்துக்கு மட்டும், என்ன சமர்த்தாகக் கேட்டுக்கொண்டாள். பத்தாவது மாடியிலிருந்து தனியாக இறங்கினாள். அப்பா லிஃப்ட்டுக்குள்ள வேலை செய்யறார் என்று வீட்டில் சொல்வார்கள் இல்லையா, அவரைப் பார்க்கப் போனாளாம். அவர் தரைத்தளத்தில் இல்லை, அடித்தளத்தில் இல்லை, அடுத்த பிளாக் லிஃப்ட்டில் இல்லை. வேலையிலிருந்து குணாளன் ஓடி வந்து சேர்ந்து, இருவருமாகத் தேடிக் கண்டுபிடிக்க நாற்பத்திரண்டு நிமிடம். அன்றைக்கு சாயங்காலம் காவலர் அறையில் அவனும் சுடரும் கேமரா பதிவை உட்கார்ந்து பார்த்தார்கள், சத்தமில்லாத படம், பெட்டிக்கோட்டும் ஒற்றைச் செருப்புமாக ஒரு குழந்தை திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போகிறது. பதினான்கு பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். சுடர் எண்ணினாள், வாய்விட்டு எண்ணினாள், ஒன்று, இரண்டு, அவள் குரலில் அழுகை இல்லை, ரத்தத்தில் அணு எண்ணுகிற குரல். நீலச் சட்டை ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டே அவள்மேல் இடிக்காமல் ஒதுங்கிப் போனான். காய்கறிப் பையோடு வந்த ஒரு பெண் நின்றாள், திரும்பிப் பார்த்தாள், இதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தார்கள், கேட்கவில்லை. பதினான்காவது ஆள் காவலர், கேட்டை அவரேதான் திறந்துவிட்டார், எந்த வீட்டுப் பாப்பான்னு எனக்கு எப்பிடி சார் தெரியும், எண்ணூறு வீடு என்றார், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சர்வீஸ் ரோட்டில் இளநீர் விற்கிறவர்தான் அவளைப் பிடித்துக் கவிழ்த்த கூடைமேல் உட்காரவைத்திருந்தார், வியாபாரத்தை விட்டுவிட்டு எங்கேயும் நகரவில்லை, இவர்கள் ஓடி வந்தபோது கண்டபடி திட்டினார், புள்ளைய பெத்தா போதுமா என்றார், அவர் திட்டத் திட்ட குணாளனுக்கு அவர் காலில் விழவேண்டும் போல இருந்தது.

அந்தப் பதினான்கு பேரையும் அவன் மூன்று மாதமாக வெறுத்துக்கொண்டிருந்தான். முக்கியமாக நீலச் சட்டையை. லிஃப்ட்டில் எந்த நீலச் சட்டையைப் பார்த்தாலும் நீயா என்று தோன்றும். ஆனால் கொஞ்ச நாளாகவே இன்னொரு நினைப்பும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டிருந்தது, அதைச் சுடரிடம் சொன்னதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு அடுக்குமாடியில், ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் கதவின் சட்டத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, நடைபாதையின் கடைசியில் ஒரு குழந்தை சுவரைப் பார்த்து நின்று விசும்பிக்கொண்டிருந்தது. பார்த்தான். என்ன பாப்பா என்று கேட்க வாயெடுத்தான். அப்புறம் தன் கையில் ஸ்பேனர், முகத்தில் கிரீஸ், முன்பின் தெரியாத ஆம்பிளை, யாராவது கதவைத் திறந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. குனிந்து வேலையைப் பார்த்தான். விசும்பல் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை, திரும்பிப் பார்த்தபோது குழந்தை இல்லை. வீட்டுக்குள் போயிருக்கும். போயிருக்கும்தானே. அப்படியானால் நீலச் சட்டையும் அவனைப் போல ஒருவன்தான், பயந்தவன்தான், எண்ணூறு வீட்டில் எதற்கு வம்பு என்று ஒதுங்கியவன். ஆட்கள் கெட்டவர்கள் இல்லை, அந்த இடம் அவர்களை அப்படி ஒதுங்கவைக்கிறது, அப்படியென்றால் ஒதுங்கவைக்காத இடம் என்று ஒன்று இருக்க வேண்டும், இருக்குமா, இருந்தால் அதை வெளியிலிருந்து பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது, மச்சான் அதற்கு எத்தனை மார்க் போடுவார். சுடர் அன்றிலிருந்து கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போடுகிறாள். பிள்ளைகள் கீழே இறங்கியே மூன்று மாதமாகிறது. வேறு இடம் பார்க்கலாம் என்று முடிவானபோது அவள்தான் சொன்னாள், நான் பாத்தா எல்லா இடமும் கிணறாத்தான் தெரியும், நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க, சரியான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க. பள்ளிக்கூடம் திறக்க இருபது நாள் இருக்கிறது. முதலாம் வகுப்பு. அவள் அப்படிச் சொன்னபோது பயந்துதான் போனான், ஆனால் இன்றைக்குக் காலை பஸ் ஏறும்போது அந்தப் பயத்துக்கு அடியிலிருந்து வேறு ஒன்று முளைத்து மேலே வந்திருந்தது, இரண்டு பிள்ளைகளும் எந்தத் தெருவில் ஓடப்போகிறார்கள், எந்தக் கடையில் மிட்டாய் வாங்கப்போகிறார்கள், எந்த ஊர்க்காரர்களாக வளரப்போகிறார்கள் என்பதெல்லாம் தன் ஒரு வார்த்தையில் இருக்கிறது என்ற நினைப்பே கிறுகிறுப்பாக இருந்தது.

பந்து அவன் காலடிக்கு உருண்டு வந்தது. எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தான். எடுக்க வந்த பெண்ணுக்கு ஏழு வயசிருக்கும், இரண்டு பின்னலில் ஒன்று அவிழ்ந்து கிடந்தது. நித்திலா இவளோடு விளையாடுவாள், அடுத்த மாதம் இதே நேரம் இதே செங்கல்லை அடுக்குவாள், ஆதன் நடுவில் போய் அதைத் தள்ளிவிட்டு எல்லாரிடமும் திட்டு வாங்குவான், அவனுக்கு அது அத்தனை துல்லியமாகத் தெரிந்தது, அவிழ்ந்த பின்னலைக்கூட யாரோ கூப்பிட்டுப் பின்னிவிடுவது வரைக்கும் தெரிந்தது. சந்தோஷம் தாங்காமல் பந்தைக் கொடுத்துக்கொண்டே கேட்டுவிட்டான், உன் பேர் என்னம்மா, எந்த ஸ்கூல்ல படிக்கிறே, கிட்டவா தூரமா. மூன்றாவது கேள்வி காகிதத்தில் இருந்ததுதானே. அந்தப் பெண் பந்தை வாங்கிக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்த்தபடியே இரண்டடி பின்னால் வைத்தாள், திரும்பினாள், விளையாட்டுக்குப் போகாமல் நேராக அந்தப் பால்கனி வீட்டுப் படியேறி மேலே போய்விட்டாள். குணாளனுக்குக் காது மடல் சூடேறியது. என்ன தப்பாகக் கேட்டுவிட்டோம். சிரித்துக்கொண்டுதானே கேட்டோம், ஒருவேளை சிரித்ததுதான் தப்போ, எழுந்து தெருமுனைக் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வரலாமா, இப்போது எழுந்து போனால் இன்னும் தப்பாகத் தெரியாதா. பால்கனியில் பூண்டுத் தட்டு மட்டும் இருந்தது, அந்த அம்மாளைக் காணோம்.

கீழே வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயசிருக்கும், துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, அவசரமில்லாமல் தெருவைக் குறுக்கே கடந்து அவன் எதிரே வந்து நின்றார். யாரைத் தம்பி பாக்கணும் என்றார், குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீடு பார்க்க வந்திருக்கிறேன், மகேந்திரன் சார் சாவி கொண்டுவருகிறார் என்றான். அவரு சாவிய எங்கிட்டதான் குடுத்துட்டுப் போவாரு, இன்னிக்கு ஒண்ணும் சொல்லலியே என்றார் அம்மாள். பச்சைப் பெயின்ட்காரர் பிரஷ்ஷோடு வந்து பக்கத்தில் நின்றார். ஆட்டோவில் நீட்டிக்கொண்டிருந்த கால்கள் உள்ளே போயின, கொஞ்ச நேரத்தில் டிரைவரும் வந்து நின்றார், கண்ணில் தூக்கமே இல்லை. அம்மாள் சொன்னார்:

"நாலு மணிக்கு வந்து ஒக்காந்தீங்க. அஞ்சாகப் போவுது. புள்ளைங்களயே பாத்துக்குனு இருக்கீங்க. எங்க பிரியாகிட்ட எந்த ஸ்கூலுன்னு கேட்டீங்களாமே?"

குணாளனுக்கு முதலில் வந்தது அவமானம், அதற்குப் பின்னாலேயே கோபமும் வந்தது, நானும் ரெண்டு புள்ளைக்கு அப்பன், என்னைப் பாத்தா எப்படித் தெரியுது என்று கத்தத் தோன்றியது, நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் அந்தக் கணக்கு அவனுக்குள் விழுந்தது. நாலு மணி. அவன் வந்து உட்கார்ந்த நேரம் இந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. பூண்டு உரித்துக்கொண்டு, தோலை ஊதிக்கொண்டு, ஒரு தடவைகூட அவன் பக்கம் திரும்பாமல், ஒரு மணி நேரமாக அவனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பெயின்ட்காரர் பார்த்திருக்கிறார். தூங்குகிற டிரைவர் பார்த்திருக்கிறார். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, ஒரு பிள்ளை படியேறிப் போய் ஒரு வார்த்தை சொன்னதும் மூன்று பேர் இறங்கி வந்து நிற்கிறார்கள். காகிதத்தில் எழுதத் தெரியாமல் விட்டுப்போன ஐந்தாவது கேள்வி இதுதான், அவன் கேட்காமலேயே அதற்கு இவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வந்தது, இந்த நேரத்தில் சிரித்தால் உதைதான் விழும் என்று உதட்டைக் கடித்து அடக்கினான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெயின்ட்காரர் அதைப் பார்த்துவிட்டு அம்மாளைப் பார்த்தார். நீங்க கேக்கறது ரொம்ப சரிக்கா, இன்னும் கேளுங்க என்றான் குணாளன். அந்த அம்மாள் ஆயுளில் பிடித்த ஆட்கள் யாரும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள், சந்தேகம் இன்னும் கூடிப்போயிற்று.

கம்பெனி அடையாள அட்டையைக் கேட்டார், கொடுத்தான். போட்டோவில் மீசை இல்லையே என்றார். வளர்ந்துடுச்சுக்கா என்றான். அவர் பெயர் எஸ்தர் என்று டிரைவர் கூப்பிட்டதிலிருந்து தெரிந்தது. எஸ்தர் மகேந்திரனுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு, வீடு பார்க்க வருகிறவர் ஆள் எப்படி இருப்பார் என்று விசாரித்தார். நான் அவரைப் பாத்ததில்லையேம்மா, போன்லதான் பேசினேன், இதோ ஓட்டேரி கிட்ட மாட்டிக்கிட்டேன் என்றது மகேந்திரனின் குரல். அதில் ஒன்றும் தேறவில்லை. வீட்டில் யாருக்காவது போன் பண்ணச் சொன்னார் எஸ்தர். பிள்ளைகளை மச்சான் வீட்டில் விட்டுவிட்டு சுடர் இந்நேரம் டியூட்டியில் இருப்பாள், எடுக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே போட்டான், இரண்டாவது மணியிலேயே எடுத்தாள், காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தாளோ என்னவோ. அவன் வாய் திறப்பதற்குள் எஸ்தர் போனை வாங்கி, அதையும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டார்.

"அம்மா, நான் அயனாவரத்துலேர்ந்து பேசறேன். இங்க ஒருத்தர் ஒரு மணி நேரமா எங்க தெருவுல ஒக்காந்து புள்ளைங்களப் பாத்துக்குனு இருந்தாரு. குணாளன்னு சொல்றாரு. உங்க வீட்டுக்காரர்தானா?"

சுடர் மானம் போனது என்று நினைக்கிறாள், அழப்போகிறாள், இல்லை வைத்துவிடப்போகிறாள் என்று குணாளனுக்குத் தோன்றியது. லேபில் ஏதோ மெஷின் சுற்றுகிற சத்தம் மட்டும் தெருவில் கேட்டது. அப்புறம் அவள் கேட்டாள், அவர் வந்ததிலேர்ந்தே நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க என்று. வந்ததிலேர்ந்துதான் என்றார் எஸ்தர், எங்க தெருவுக்குள்ள புதுசா யாராச்சும் வந்தா பாக்கமாட்டோமா. ஆமாங்க, என் வீட்டுக்காரர்தான் என்றாள் சுடர். அப்புறம் யாரும் கேட்காமலேயே, மூன்று மாதமாகத் தன் அண்ணனிடம்கூட முழுசாகச் சொல்லாததை, முகம் தெரியாத ஒருத்தியிடம் சொல்ல ஆரம்பித்தாள், பெட்டிக்கோட்டு, ஒற்றைச் செருப்பு, பதினான்கு பேர், காய்கறிப் பையோடு நின்று பார்த்துவிட்டுப் போன பெண். குணாளன் ஷட்டரில் சாய்ந்துகொண்டான். எஸ்தர் போனைக் காதுக்குக் கொண்டுபோய் நடு ரோட்டில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார், வந்த பைக் ஒன்று அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஐயோ பாவம் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டார்:

"பொண்ணு வெளிய ஓடுற புள்ளையா?"

ஆமாம் என்றிருக்க வேண்டும் சுடர். சரி, சொல்லிட்டீங்க இல்ல, பாத்துக்கலாம் என்று சொல்லிப் போனை அவனிடம் நீட்டினார் எஸ்தர். அவன் வாங்கிக் காதில் வைத்தபோது சுடர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சரியா என்று கேட்கக் கூடாது என்பது அவனுக்கு ஞாபகம் இருந்தது. கேட்கவில்லை. இதுதான் சுடர், முடிவு பண்ணிட்டேன் என்றான். தன் குரல் தனக்கே புதுசாகக் கேட்டது. வீட்டப் பாக்காமயேவா என்று பெயின்ட்காரர் பதறினார், சார், மாடி பாத்ரூம் கதவு சரியா சாத்தாது, மழை பெய்ஞ்சா சமையல்கட்டுல ஒரு மூலை ஒழுவும், தெரிஞ்சுக்கினு எடுங்க. கதவு வேலை என் வேலைதாங்க, பாத்துக்கறேன் என்றான் குணாளன்.

மகேந்திரன் வந்து சேர்ந்தபோது ஐந்தரை. ஆயிரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மாடிக்குக் கூட்டிப்போய் அறை அறையாகத் திறந்து காட்டினார், குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைக் காட்டினார், அலமாரியை, பரணைக் காட்டினார், எல்லாவற்றுக்கும் குணாளன் தலையாட்டினான், காது மட்டும் கீழே இருந்தது. கீழே எஸ்தர் யாரையோ கூப்பிட்டு, மேல வீட்டுக்கு ரெண்டு புள்ளைங்க வருதாம், பெருசு கொஞ்சம் ஓடுற டைப்பாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார், எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல் என்ன வயசாம் என்று கேட்டது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் சுடரிடமிருந்து மறுபடி போன். வீடு எப்படி, எத்தனை ரூம், எத்தனை ஜன்னல் என்று கேட்டாள், குரலில் மூன்று மாதத்துக்கு முந்தைய அவசரம் வந்திருந்தது. யோசித்துப் பார்த்தான். அலமாரி எந்த அறையில் இருந்தது என்றே ஞாபகமில்லை.

"தெருப் பக்கம் ஒரு ஜன்னல் இருக்கு. பெருசு" என்றான்.

"நாம புள்ளைங்களப் பாத்துக்கறதுக்கு வசதியா இருக்கும்."

"அதுக்கும்தான்" என்றான் குணாளன். "அவங்க நம்மளப் பாக்கறதுக்கும்."